மூன்று மணிக்கு மேல்

முப்பத்தொன்றாவது படிவத்தைக் கையில் எடுத்ததுமே, அது அண்ணியின் எழுத்து என்று வாண்டுவுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் எட்டு வருஷம் பார்த்த எழுத்தாயிற்றே. ழகரத்தின் வால் கொஞ்சம் நீண்டிருக்கும். புள்ளிகளெல்லாம் குட்டி வட்டங்கள். கோடு போடாத தாளிலும் வரி அப்படியே நேராகப் போகும். அண்ணன் எழுதியிருந்தால் நாலு வரியில் முடிந்திருக்கும், அதில் மூன்று வரி அடித்தலும் திருத்தலுமாக இருந்திருக்கும்.

வாண்டு என்றதும் யாரோ சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பது வயது. லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் ஆள் திட்டப் பிரிவுக்குத் தலைவி. அலுவலகத்தில் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள், ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் மட்டும் இன்னும் வாண்டு. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது பத்து வயதில் ஒரு துணிப்பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அண்ணி அப்போது கல்யாணமாகி எட்டே மாதம். இன்னொரு தட்டை எடுத்து வைத்தாளே தவிர, மறுபேச்சுப் பேசவில்லை.

அண்ணனுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. இருபத்தொன்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். வாண்டு அங்கே சேர்ந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால், பரீட்சை எழுதி, மூன்று பேர் கேள்வி கேட்டு. அண்ணனின் சிபாரிசு கிடையாது. கேட்டவர்களிடமும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். அந்தப் பெருமைதான் பின்னால் எல்லாவற்றையும் கெடுத்தது. அதை வரும்போது சொல்கிறேன்.

கம்பெனியின் பொது மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் டார்கெட். காலையில் வணக்கம் வைத்தால்கூட, “வணக்கம், டார்கெட் எந்த அளவுல இருக்கு?” என்று கேட்கிற மனுஷர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, வேறு பேச்சு வராது, அவ்வளவுதான். அவர் ஒரு நாள் வெள்ளைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடுகள் போட்டார்.

“இது கம்பெனி போற வழி. இது நம்ம ஆளுங்க போற வழி. ரெண்டும் ஒண்ணா போகணும். லிஃப்ட் கம்பெனில உக்காந்துக்கிட்டு இதை நான் சொல்லித் தரணுமா? ரெண்டு தண்டவாளமும் நேரா இல்லன்னா பெட்டி மேல ஏறுமா?”

விஷயம் இதுதான். மூன்று வருஷத்தில் இரண்டு மடங்கு கட்டிடங்களைப் பிடிக்க வேண்டும். மெக்கானிக்குகள் அதே நாற்பத்தாறு பேர், முடிந்தால் அதற்கும் கீழே. யார் எதற்கு வேண்டும், யாருக்கு என்ன பயிற்சி கொடுக்க வேண்டும் என்று வாண்டு ஒரு திட்டம் போட்டுத் தர வேண்டும்.

வாண்டு ஒரு படிவம் தயார் செய்தாள். ‘ஒரு நாளில் நீங்கள் செய்யும் வேலைகளை மணி வாரியாக எழுதவும்.’ மெக்கானிக்குகளுக்குப் பேனாவைக் கண்டாலே ஆகாது. பத்து நாளாகியும் பாதிப் படிவங்கள் வரவில்லை. வந்ததில் வேடிக்கைக்குக் குறைவில்லை. ஒருவர் ‘கருவிகளைச் சுத்தம் செய்தல், மூன்று மணி நேரம்’ என்று எழுதியிருந்தார். அந்தக் கருவிகளைப் பார்த்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். இன்னொருவர் எழுதியதைக் கூட்டினால் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் வந்தது. அண்ணனின் படிவமோ அவருடைய பைக்குள்ளேயே ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

வாண்டு அண்ணிக்குப் போன் போட்டாள்.

“அண்ணி, நீங்களே அவரை உக்காரவெச்சுக் கேட்டு எழுதிக் குடுத்துடுங்க. உள்ளதை உள்ளபடி எழுதுங்க. பயிற்சிக்குத்தான் கேக்கறோம். அண்ணனுக்கு நல்லது.”

“நீ கேட்டா எழுதாம இருப்பேனா? நாளைக்கே குடுத்து விடறேன்” என்றாள் அண்ணி.

அந்த நிமிஷம் வாண்டு பொய் சொல்லவில்லை. பயிற்சிக்குத்தான் என்று அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் நின்று சொல்ல இந்த ஒன்றுதான் இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டேன்.

அண்ணி எழுதி அனுப்பியது இப்படி இருந்தது: ‘காலை எட்டு மணிக்குக் கிளம்புவார். ஒரு மணி வரை நாலு கட்டிடங்கள். சாப்பிட்ட பிறகு இரண்டு கட்டிடங்கள். மூன்று மணிக்கு மேல் வேலை இல்லை. ஐந்தரை வரை ஏதாவது ஒரு கட்டிடத்தில் சும்மா லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் வேறு எந்த வேலை கொடுத்தாலும் மனம் கோணாமல் செய்வார்.’

கடைசி வரி, புருஷனைப் பற்றி நாலு பேர் நல்லபடி நினைக்க வேண்டும் என்று அண்ணி தானாகச் சேர்த்தது. படித்ததும் வாண்டுவுக்குச் சிரிப்பு வந்தது.

அந்தச் ‘சும்மா’வைப் பற்றி வாண்டுவுக்குத் தெரியாதா? அவளைவிட யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு போவார். ஏழு மாடிக் கட்டிடம் ஒன்று. லிஃப்டுக்குள் ஏறி, பெட்டியின் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி நிற்பார். மேலே போவார்கள், கீழே வருவார்கள், மறுபடியும் மேலே. “எந்த மாடிக்குண்ணா போறோம்?” என்றால், “எந்த மாடிக்கும் இல்ல, பேசாம வா. கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்பார். நாலாவது மாடியைத் தாண்டும்போது லேசாக ஒரு கரகரப்பு வரும். அவளுக்குக் கேட்காது, அவருக்குக் கேட்கும். மறுநாள் காலையில் ஸ்பேனரோடு நேராக அந்த இடத்துக்குத்தான் போவார். அதனால் அவர் பார்க்கிற கட்டிடங்களில் யாரும் நடுவில் மாட்டிக்கொண்டு கத்தியதில்லை, புகார் வந்ததில்லை. பழுதே வராவிட்டால் எதை எழுதுவது? வேலைச் சீட்டில் அவர் பெயருக்கு நேரே எப்போதும் காலியாகத்தான் இருக்கும். கையில் கருவி இல்லாமல் செய்வதை வேலை என்று சொல்ல அவருக்கே கூச்சம். வீட்டிலும் சும்மா ஏறி இறங்கினேன் என்றுதான் சொல்லுவார்.

படிவங்கள் எல்லாம் சேர்ந்த பிறகு டார்கெட் கூட்டம் போட்டார். பயிற்சி என்ற பேச்சே எழவில்லை. ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை பழுது முடிக்கிறார், எத்தனை மணி நேரம் வேலை இல்லாமல் இருக்கிறார், இந்த இரண்டையும் பட்டியல் போடச் சொன்னார். பட்டியலில் அடியில் வருகிற எட்டுப் பேர் கம்பெனி போகிற வழிக்கு ஒத்து வராதவர்கள். அவர்களை அனுப்பிவிட வேண்டியது.

வாண்டு படிவக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அறைக்கு வந்து பட்டியல் போட்டாள். சுத்தமான கருவிக்காரர் நடுவில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டார். பதினெட்டு மணி நேரக்காரர் எல்லாருக்கும் மேலே. அண்ணன் நாற்பத்தாறில் நாற்பத்துமூன்றாவது. பழுது முடித்தது குறைவு. வேலை இல்லாத நேரம், தினம் இரண்டரை மணி. பட்டியலில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. ‘இது வேலை இல்லாத நேரம் அல்ல’ என்று ஒரு வரி எழுதலாமா என்று பேனாவை எடுத்தாள். பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அண்ணனுக்கு மட்டும் குறிப்பு எழுதியிருக்கிறாள் என்பார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் கூட்டத்தில் டார்கெட்டே அதைக் கிளறினார். பட்டியலில் விரலை வைத்து, “இவர் உங்க அண்ணன் இல்ல? இவரை மட்டும் வேணும்னா தனியா பாக்கலாம். என்ன சொல்றீங்க?” என்றார்.

கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் வாயைத் திறந்து, ‘ஆமாம் சார், பார்க்கணும், ஆனா அண்ணன்ங்கறதுக்காக இல்ல’ என்று சொல்லியிருந்தால் போதும். விஷயம் அத்தனையும் அவளுக்குத் தெரியும். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“வேண்டாம் சார். எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான்.”

டார்கெட் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். “பாத்துக்கங்க, நேர்மைன்னா இதுதான்” என்றார். வாண்டுவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. இதை மறைத்துப் பிரயோஜனமில்லை. அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தக் கைதட்டலை மனசுக்குள் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அண்ணியின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. மனம் கோணாமல் செய்வார். அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் டார்கெட்டிடம் ஓடினாள். மூன்று மணிக்கு மேல் அண்ணன் செய்வதுதான் பெரிய வேலை என்றும், அவர் கட்டிடங்களில் பழுது குறைவாக இருப்பதே அதனால்தான் என்றும் மூச்சு வாங்கச் சொன்னாள்.

“அப்படின்னா படிவத்துல ஏன் இல்ல? ‘வேலை இல்லை’ன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களே” என்றார் அவர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. “நேத்து ஒரே அளவுகோல்னு சொன்னது நீங்கதானே மேடம்? அதுக்குத்தானே எல்லாரும் கை தட்டினோம்?”

அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

எட்டுப் பேருக்கும் அவள் அறையில்தான் கடிதம் கொடுத்தார்கள். அண்ணன் ஆறாவதாக வந்தார். தலையை வாரிக்கொண்டு வந்திருந்தார். தங்கச்சியின் அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை, உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கடிதத்தோடு படிவத்தின் நகலும் இருந்தது. கடிதத்தை ஒரு தடவை படித்தார். படிவத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, நான்…”

“இரு” என்றார். “இதை வெச்சுத்தான் முடிவு பண்ணாங்களா?”

தலையை ஆட்டினாள். தலை நிமிரவில்லை.

“எங்கயாவது உரசுதான்னு பாக்க யாராவது ஒரு தடவை ஏறி இறங்கிப் பாத்தாங்களா?”

“இல்லண்ணா.”

அவர் நகலை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “உங்க அண்ணிகிட்ட எதையும் சொல்லாதே. அவ எழுதினதால போச்சுன்னு தெரிஞ்சா அவ தூங்க மாட்டா. முட்டி வலிக்குது, நானே கேட்டு நின்னுட்டேன்னு சொல்லிக்கறேன். நீயும் அதையே சொல்லு.”

“உங்களுக்கு என்மேல கோபமே இல்லையா?”

அண்ணன் எழுந்து நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளி வைத்தார். “இருக்கு. அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல இதைச் செய்” என்றார்.

நாலடி கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இரண்டு வாரம் அண்ணன் வீட்டுப் பக்கமே அவள் போகவில்லை. அண்ணி போன் செய்தபோதெல்லாம் வேலை என்றாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி கறாராகச் சொல்லிவிட்டாள். “இன்னிக்கு நீ வரல, நான் அங்க வந்து உக்காந்துடுவேன்.” வேறு வழியில்லாமல் போனாள்.

அண்ணன் ஜன்னல் பக்கத்தில் மிக்சியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அது அண்ணியின் மிக்சி இல்லை, பக்கத்து வீட்டு மிக்சி. அண்ணியின் முகம் நிறைய சிரிப்பு.

“பாத்தியா, வேலையை விட்டு மூணு வாரம் ஆகல, இந்த வரிசையில ஒரு வீட்டு சாமானையும் பாக்கி வெக்கல. நேத்து ஒருத்தங்க நல்லா ஓடிக்கிட்டிருந்த ஃபேனைக் கொண்டு வந்து குடுத்துட்டுப் போறாங்க.” டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “நீ அங்க இருந்ததால மரியாதையா வெளிய வர முடிஞ்சுது. முட்டி வலின்னதும் நீதான் பேசி எல்லாம் முடிச்சுக் குடுத்தியாமே. எனக்கு அது போதும். நம்ம வளர்த்தது வீண் போகலன்னு இவர்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

வாண்டு தண்ணீரைக் குடித்தாள். அண்ணன் மிக்சியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“அதுக்குன்னு எத்தனை நாள் மிக்சியையே கழட்டிக்கிட்டு இருப்பார்? வீட்ல இருந்தா முட்டி வலிக்குதாம், மாடிப்படி ஏறினா வலிக்கலையாம். இது என்ன வியாதியோ” என்று சிரித்தாள் அண்ணி. பிறகு அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். “வேற ஒரு லிஃப்ட் கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம். விண்ணப்பம் எழுதி வெச்சிருக்கேன். நீ இந்த வேலைலயே இருக்கறவ, ஒரு தடவை பாத்துச் சொல்லு.”

அதே எழுத்து. அதே குட்டி வட்டங்கள். வாண்டு படித்துக்கொண்டே வந்தாள். இருபத்தொன்பது வருஷ அனுபவம். ஒரு விபத்தும் நடந்ததில்லை. கீழே கடைசியில் இருந்தது அந்த வரி: ‘மூன்று மணிக்கு மேல் வேலை இல்லாமல் ஓய்வாகத்தான் இருப்பார் என்பதால், அந்த நேரத்தில் எங்கே கூப்பிட்டாலும் வருவார்.’

பேசாமல் மடித்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் இந்தக் கம்பெனியிலும் யாரோ ஒருத்தி, இரண்டரை மணி என்று கட்டத்தில் எழுதுவாள்.

“அண்ணி, இந்தக் கடைசி வரி வேண்டாம்.”

“ஏன்? அதுதானே நல்ல வரி.”

“வேலை இல்லன்னு எழுதினா… தப்பா எடுத்துக்குவாங்க.”

“யாரு தப்பா எடுத்துக்குவா? உள்ளதைத்தானே எழுதியிருக்கேன். உங்க கம்பெனிக்கும் இதையேதான் எழுதிக் குடுத்தேன். யாரும் தப்பா எடுத்துக்கலையே.”

ஸ்க்ரூ டிரைவரைத் திருகிக்கொண்டிருந்த அண்ணனின் கை நின்றது. “டீ போடறியா?” என்றார் அண்ணியிடம்.

அண்ணி நகரவில்லை. அவரைப் பார்த்தாள், வாண்டுவைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள். படிப்பு பத்தாவதோடு நின்றாலும் புத்தியில் இரண்டு பேரையும் விலைக்கு வாங்குகிறவள் அவள்.

“எடுத்துக்கிட்டாங்களா?” என்று கேட்டாள்.

அண்ணன் வாண்டுவைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தார். ஒரு பொய் போதும். இல்லை அண்ணி, அங்கே வேற, இங்கே வேற என்று பூசி மெழுகிவிட்டால் மூன்று பேரும் டீ குடிக்கலாம். அண்ணி எழுதினதால போச்சு என்று அண்ணன் சொன்னதை நினைத்துக்கொண்டாள். அது உண்மையில்லை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதையும் அண்ணியின் தலையில் விட்டுவிட்டுப் போனால், அப்புறம் அவள் என்ன ஜென்மம்?

“வேற யாரும் இல்ல அண்ணி. நான்தான் எடுத்துக்கிட்டேன்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பட்டியல், கட்டம், மூடி வைத்த பேனா, ஒரே அளவுகோல், கைதட்டல். பஸ்ஸில் சந்தோஷமாக வந்ததைக்கூட விடவில்லை. “நீங்க சரியாத்தான் எழுதினீங்க. அதுக்குப் பக்கத்துல நான் எழுத வேண்டியதை எழுதல” என்றாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அண்ணி கத்தவில்லை. அண்ணன் பக்கம் திரும்பி, “முட்டி வலி இல்லையா அப்போ?” என்றாள். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். வாண்டுவிடம், “நீ கேட்டேன்னுதான் எழுதினேன்” என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் வாண்டு அழுதிருப்பாள்.

அலமாரியிலிருந்து இன்னொரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தாள்.

“மூணு மணிக்கு மேல இவர் என்ன பண்ணுவார்னு எனக்குத் தெரியாது. எங்கிட்ட சும்மான்னுதான் சொல்லுவார். கூட ஏறி இறங்கினது நீ. நீயே எழுது.”

வாண்டு எழுதினாள். ‘தினமும் மாலை மூன்று மணி முதல் ஐந்தரை வரை, தன் பொறுப்பில் உள்ள கட்டிடங்களில் லிஃப்டில் ஏறி இறங்கி, சத்தத்தையும் அதிர்வையும் வைத்து, வரப்போகும் பழுதைக் கண்டுபிடிப்பார். மறுநாள் காலையில் அதைச் சரி செய்துவிடுவார். அதனால் இவர் பார்க்கும் கட்டிடங்களில் லிஃப்ட் நிற்பதில்லை.’ எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு தாளை நீட்டினாள்.

அண்ணி வாங்கி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். இத்தனை வருஷமாகப் புருஷன் செய்த வேலை இன்னதென்று முதல் தடவையாகத் தெரிந்துகொண்டவள் மாதிரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மிக்சியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை எழுத உனக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகல” என்றாள் அண்ணி.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து, சாப்பிட வரச் சொன்னாள். எப்போதும்போல மூன்று தட்டுகள்தான் வைத்திருந்தாள். வாண்டு போய் உட்கார்ந்தாள். கடைசி வரை அவளால் தட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.